எழுதி வைப்போம்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணினி அறிவியல்)

எண்ணையும் எழுத்தையும் மக்கள் உயிருக்கு இரு கண்களாக வைத்தார் வள்ளுவர். கணினி அறிவியல் பயிலும் நாமோ எண் என்னும் ஒரு கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, எழுத்து என்னும் மற்றொரு கண்ணை மூடியபடியே நடந்துகொண்டிருக்கிறோம். "புரோகிராம் ஓடுகிறதா? ஓடுகிறது! பிறகென்ன?" என்பது நம் ஆய்வகத்தில் நாள்தோறும் கேட்கும் குரல். நிரல் ஓடினால் மட்டும் போதுமா? அதை ஏன் அப்படி அமைத்தோம், வேறு எப்படியெல்லாம் முயன்று கைவிட்டோம் என்பதை எழுதி வைக்க வேண்டாமா? மென்பொருள் துறையை நாடிச் செல்ல விரும்பும் நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. விடை தேடிக் கடல் கடந்து செல்லும் முன், நம் கம்பம் பள்ளத்தாக்கையே ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், வாருங்கள்.

கல்லில் ஒரு செய்தி

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள சிற்றூர் புலிமான்கோம்பை. 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்ட அக்கற்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. அவற்றுள் ஒன்று சொல்லும் செய்தி மிகச் சிறியது. கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்துபட்ட பேடு தீயன் அந்தவன் என்பவனின் கல் இது என்பதே அச்செய்தி. அந்தக் கூடலூர் நம் பள்ளத்தாக்கின் கூடலூரே என்று கருதுவோரும் உண்டு.

யார்? எங்கே? எதனால்? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஆறேழு சொற்களில் விடை கூறிவிட்டது அந்தக் கல். இருபது நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த மாணவர்கள் அதைப் படித்துப் பொருள் கொள்ள முடிந்தது.

இன்று நம்மில் பலர் 'கிட்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார், எப்போது செய்தார் என்று அது தானாகவே குறித்துக்கொள்ளும். எதற்காகச் செய்தோம் என்பதை மட்டும் நம்மிடம் கேட்கும். நாம் என்ன எழுதுகிறோம்? 'மாற்றம்', 'சரி செய்தது', 'கடைசி', 'கடைசியிலும் கடைசி'! கல்லில் உளி கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் செதுக்கியவன் காரணத்தைச் சொல்ல மறக்கவில்லை. விரல் நுனியால் தட்டும் நமக்கோ ஒரு வரி எழுதுவதற்குள் கை வலித்துவிடுகிறது!

அணையும் ஏடும்

கல்லை விட்டு அணைக்கு வருவோம். நம் பள்ளத்தாக்கின் வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் முல்லைப் பெரியாற்று நீரை நம்பியே நிற்கின்றன. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட அருஞ்செயல் அது. 1887-இல் தொடங்கிய பணி 1895-இல் நிறைவேறியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை 130 ஆண்டுகளாக இன்றும் பணியாற்றி வருகிறது. மென்பொருள் துறையில் பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல்களைப் பற்றிப் பெருமையாகவும் அச்சத்தோடும் பேசுவார்கள். நம் வீட்டு வாசலில் ஓடும் வாய்க்காலைவிட அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ?

இந்த அணை பென்னிகுயிக் என்ற ஒருவரின் எண்ணத்தில் ஒரே நாளில் உதித்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி இவ்வழியை ஆராயச் செய்தார். பொருள் வசதி இல்லாமையால் அது நின்றது. 1808-இல் கேப்டன் கால்டுவெல் மலையை அளந்து பார்த்து, இது நடவாத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1867-இல் மேஜர் ரைவ்ஸ் மண்ணால் அணை கட்டலாம் என்றார். தாது வருடப் பஞ்சம் மக்களை வாரிக்கொண்டு போன பிறகு, அரசின் கவனம் மீண்டும் இப்பக்கம் திரும்பியது. 1882-இல் பென்னிகுயிக்கின் திட்டம் உருப்பெற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடவாது என்று சொன்ன கால்டுவெல்லின் அறிக்கையும் தூக்கி எறியப்படவில்லை. தோற்ற திட்டமும் எழுத்தில் இருந்ததனால், அடுத்து வந்தவர் அங்கிருந்தே தொடங்க முடிந்தது. ஒவ்வொருவரும் முதலிலிருந்து மலையேறியிருந்தால் அணை எப்போது எழுந்திருக்கும்? வென்ற வழியைப் போலவே தோற்ற வழியையும் எழுதி வைக்க வேண்டும் என்பது அணை நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

அத்திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர்களுள் ஒருவரான ஏ.டி. மெக்கன்சி, பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். 1899-இல் சென்னையில் அது வெளியாயிற்று. அணை கட்டி முடித்தாயிற்று, தண்ணீர் வந்தாயிற்று, பிறகென்ன என்று அவர் இருந்துவிடவில்லை. முந்தைய திட்டங்கள், வெள்ளம் அடித்துச் சென்ற தடுப்புகள், காட்டிலே வாட்டிய காய்ச்சல் ஆகிய அனைத்தும் அந்நூலில் இடம்பெற்றன. கட்டியவர்கள் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னும், கட்டியது எப்படி என்று கேட்பவருக்கு விடை இருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், காய்ச்சலிலும் காலராவிலும் அந்தக் காட்டிலேயே புதையுண்ட நூற்றுக்கணக்கானவர்கள் ஆகியோரின் பெயர்களில் பெரும்பாலானவை நமக்குத் தெரியா. எழுதத் தெரிந்தவர்களின் உழைப்பு ஏட்டில் ஏறிற்று. எழுதத் தெரியாதவர்களின் உழைப்பு அணைக்குள்ளேயே தங்கிவிட்டது. இதைப் பிறகு மீண்டும் நினைவுகூர்வோம்.

136 என்னும் எண்

இப்போது ஒரு கற்பனை. நம் மாணவர் ஒருவர் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் நிரல் ஒன்றை 2010-ஆம் ஆண்டில் எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 136-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். நிரலில் 136 என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டார். நிரலும் செம்மையாக ஓடுகிறது. அவர் வேலை கிடைத்துப் பெங்களூர் சென்றுவிட்டார்.

சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதைத் திறந்து பார்க்கிறார். 136 என்பது என்ன? அடியா, மீட்டரா? அணையின் முழுக் கொள்ளளவா? பொறியாளரின் கணக்கா? அல்லது எழுதியவர் கைக்கு வந்த எண்ணா? நிரலை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது. ஏனெனில் விடை நிரலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அணையின் முழு மட்டம் 152 அடி. பாதுகாப்புப் பற்றிய ஐயம் எழுந்ததால் 1979-இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்தும் பணிகளும் நெடிய வழக்குகளும் நடந்தன. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் 142 அடி வரை தேக்க வழி பிறந்தது. ஏறத்தாழ 35 ஆண்டு வரலாறு அந்த மூன்று இலக்கங்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது!

எண்ணுக்கு மேலே ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: 'அடி கணக்கு, 1979 முதல் உள்ள வரம்பு, வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வந்தால் மாற்றுக.' பின்னால் வந்தவர் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார். அந்த வரி இல்லையென்றால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, அஞ்சித் தொடாமல் விட்டுவிடுவார். அல்லது, அறியாமல் மாற்றிவிடுவார். இரண்டும் கேடே.

நிரல் 'என்ன செய்கிறது' என்பதை நிரலே சொல்லும். 'ஏன்' என்பதை எழுதியவர்தாம் சொல்ல வேண்டும். இக்கட்டுரை சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றுதான்.

"இந்தக் காலத்தில் செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறது, விளக்கமும் சொல்கிறது, நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். நீர்மட்டம் 136-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலிக்கும் என்று அது அழகாக விளக்கும். இந்த அலுவலகத்தில், இந்த வாரத்தில், இந்த எண்ணை நாம் ஏன் தேர்ந்தோம் என்பது நம் நெஞ்சில் மட்டும் இருந்தால், அதை எந்தப் பொறி எட்டிப் பார்க்கும்?

"எழுதிய குறிப்பு பழசாகிப் பொய்யாகிவிடுமே" என்பார் வேறு சிலர். உண்மையே. எண்ணை 142 ஆக மாற்றிவிட்டு, மேலே உள்ள குறிப்பில் 136 என்றே விட்டுவைத்தால், குறிப்பு இல்லாததைவிட அது பெருங்கேடு. ஆகையால் நிரலைத் திருத்தும் கை குறிப்பையும் திருத்த வேண்டும். வயலுக்கு வரப்பு எப்படியோ நிரலுக்குக் குறிப்பு அப்படி. ஆண்டுதோறும் அண்டை கழிக்காத வரப்பை எலி துளைத்துவிடும்.

கடல் கடந்த சான்றுகள்

இனிக் கடல் கடந்து செல்வோம். 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க் 2 என்னும் கணிப்பொறி பழுதுபட்டது. திறந்து பார்த்தால் ரிலே ஒன்றுக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அங்கிருந்தோர் அதை எடுத்து வெளியே எறிந்துவிடவில்லை. பணிக் குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்து, பூச்சியையே பக்கத்தில் ஒட்டி, கீழே ஒரு வரியும் எழுதி வைத்தனர். பிழைக்குப் 'பூச்சி' என்ற பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்ததால், மெய்யான பூச்சி அகப்பட்டது அவர்களுக்கு வேடிக்கையாயிற்று. அக்குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இதைப் பலருக்கும் சொல்லிப் பரப்பினார். அந்த ஏடு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. பிழையைத் திருத்தியதோடு நில்லாமல் பிழையைப் பதிவு செய்ததனால்தான், அந்த நாளை இன்று தேனி மாவட்டத்தில் இருந்துகொண்டு நாம் பேசுகிறோம்.

டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா தம் எண்ணங்களை 1,300-க்கும் மேற்பட்ட கட்டுரைகளாக எண்ணிட்டு எழுதினார். அவற்றில் மிகுதியானவை பேனாவால் கைப்பட எழுதியவை. படி எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்கள் படி எடுத்துப் பிறர்க்கு அனுப்புவர். கணிப்பொறித் துறையின் மேதை ஒருவர் காகிதத்தையும் மையையும் கைவிடவில்லை. எழுதும்போதுதான் எண்ணம் தெளிகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். தலைக்குள் வழுக்கிச் செல்லும் குழப்பம், தாளில் இறங்கியதும் பிடிபட்டுவிடும்.

இவையிரண்டையும்விட மாணவர்களாகிய நம்மைத் தொடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை அமைக்கும் பணி, 1960களின் இறுதியில் பல்கலைக்கழக மாணவர் சிலர் கைக்கு வந்தது. அவர்களுள் ஒருவர் ஸ்டீவ் கிராக்கர். பேசி முடிவு செய்தவற்றை எழுதி வைக்கும் பொறுப்பை அவர் ஏற்றார். உடன் தங்கியிருந்தோர் உறக்கம் கெடக் கூடாதென்று இரவிலே குளியலறையில் அமர்ந்து எழுதினாராம்! 1969 ஏப்ரல் 7 என்று தேதியிட்ட அக்குறிப்புக்குக் 'கருத்து வேண்டுகோள்' என்று பொருள்படும் அடக்கமான தலைப்பை இட்டார். 'இதுவே சட்டம்' என்று சொல்லாமல், 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டார். அந்த வரிசை இன்று ஒன்பதாயிரத்தையும் தாண்டி வளர்ந்துகொண்டிருக்கிறது. இணையம் இயங்கும் விதிகள் பல அவற்றிலேதான் எழுதப்பட்டுள்ளன. யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். யாருடைய நண்பராகவும் இருக்க வேண்டியதில்லை.

இந்தக் கடைசிச் செய்திதான் என் நெஞ்சை மிகவும் தொட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

கேட்க ஆளில்லாதவர்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். எங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் எழுத்து என்பது எப்போதும் எதிர்த் தரப்பில் இருந்தது. கடன் பத்திரம் வேறொருவர் எழுதியது. கூலிக் கணக்கு வேறொருவர் எழுதியது. எங்கள் பங்கு கட்டைவிரல் ரேகை மட்டும்.

அம்மா விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைமேல் உள்ள ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குச் செல்கிறார். வேலைக்குச் சென்ற நாளுக்கு ஒன்றாக அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் ஒரு கோடு இழுப்பார். நான் மேல்நிலை வகுப்பில் இருந்தபோது, ஒரு மாதக் கணக்கு முடிக்கையில் சுவரில் 22 கோடுகள் இருந்தன. தோட்டத்துக் கணக்கு நோட்டில் 20 நாள் என்று இருந்தது. "எந்த ரெண்டு நாள் விட்டுப்போச்சு? சொல்லு பார்க்கலாம்" என்று கணக்கு எழுதுபவர் கேட்டாராம். கோடு எத்தனை நாள் என்று சொல்லுமே தவிர, எந்த நாள் என்று சொல்லாதே! இரண்டு நாள் கூலி போயிற்று. அன்று இரவு அம்மா சொன்னார்: "கோட்டுக்கு நாள் தெரியலையே தாயி. நீ எழுதிப் போடு."

பழைய பள்ளி நோட்டில் மீதமிருந்த தாள்களில் எழுதத் தொடங்கினேன். தேதி, கிழமை, என்ன வேலை, தோட்டத்தில் எந்தப் பக்கம், உடன் வந்தவர் யார். நாளுக்கு ஒரு வரி. அடுத்த முறை ஒரு நாள் குறைந்தபோது, "பதினேழாம் தேதி, மேல்காட்டில் களை வெட்டு, கூட வந்தது இன்னார்" என்று அம்மா ஒப்பிக்க, கணக்கு மறுபேச்சின்றித் திருத்தப்பட்டது. அதற்கடுத்த வாரம் அதே ஜீப்பில் செல்லும் பெண்கள் மூவர், தங்கள் பிள்ளைகளின் நோட்டுகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

கரிக்கோடு என்பது குறிப்பில்லாத நிரலைப் போன்றது. எண் இருக்கும், காரணம் இருக்காது. கேள்வி கேட்கும்போது அது ஊமையாகிவிடும். தேதியும் இடமும் காரணமும் சேர்ந்தால் அதுவே சாட்சி.

கல்லூரிக்கு வந்த பிறகு இன்னோர் உண்மையும் விளங்கிற்று. அண்ணனோ மாமனோ மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் மாணவருக்கு ஐயம் எழுந்தால் கைப்பேசியை எடுத்துக் கேட்டுவிடலாம். எங்களைப் போன்றோர் யாரைக் கேட்பது? 'இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று எழுதாமல் விடப்படுவது, கேட்க ஆள் உள்ளவர்களுக்கு மட்டுமே தெரிந்தது. வாய்ச்சொல் பக்கத்தில் இருப்பவரைத்தான் சென்றடையும். எழுத்தோ, முகம் தெரியாத மாணவியையும் வந்தடையும். ஆகவே எழுதி வைத்தல் என்பது நினைவுக்கு உதவி மட்டுமன்று; அது ஓர் அறம். தனக்குத் தெரிந்ததைத் தன் கூட்டத்துக்குள் பூட்டி வைக்காமல் தெருவில் வைக்கும் தண்ணீர்ப் பந்தல் அது.

நாம் செய்யத் தக்கது

அறிவுரை சொல்வது எளிது. செயல் ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். நம் ரெக்கார்டு நோட்டில் நோக்கம் உண்டு, படிமுறை உண்டு, நிரல் உண்டு, வெளியீடு உண்டு. ஓடாத நிரல் எப்படி ஓடத் தொடங்கியது என்பதற்கு ஓர் இடம் உண்டா? இல்லை. மதிப்பெண்ணுக்கான நோட்டு அது, அப்படியே இருக்கட்டும். அதற்கு அப்பால், நம் துறை ஆய்வகத்தில் பொதுக் குறிப்பேடு ஒன்றை வைக்க ஆசிரியப் பெருமக்கள் இசைவளிக்க வேண்டுகிறேன். தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றும், நூலில் கட்டிய பேனா ஒன்றும் போதும்.

பிழையில் சிக்கி மீண்ட ஒவ்வொருவரும் அதில் ஐந்து செய்திகளை எழுதட்டும். தேதி; திரையில் தோன்றிய பிழைச் செய்தி, தோன்றியது தோன்றியவாறே; முயன்று பலிக்காத வழி; பலித்த வழி; அது ஏன் பலித்தது என்ற காரணம். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கம் தமிழில் இருக்கட்டும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, முதல் நாள் கணிப்பொறி முன் அமர்ந்து, திரையில் சிவப்பாக எதுவோ தோன்றியதும் திகைத்து நிற்கும் தம்பியும் தங்கையும் ஆண்டுதோறும் வருகிறார்கள். கேட்கக் கூச்சப்படும் அவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, 'நமக்கு முன்னே ஒருவர் இதே இடத்தில் நின்றிருக்கிறார்' என்று அறிந்தால், அந்த ஆறுதலே பாதிப் பிழையைத் திருத்திவிடும்.

நண்பர்களே! அணையைக் கட்டிய கைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்று வருந்தினோம். அவர்கள் எழுதத் தெரியாதவர்கள், குற்றம் அவர்களுடையதன்று. எழுதத் தெரிந்த முதல் தலைமுறையாக நாம் வந்திருக்கிறோம். நாளை சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் நாம் கட்டப்போகும் மென்பொருள்களில் நம் உழைப்பும் பெயரின்றி, காரணமின்றிப் புதைந்துவிடலாமா? பின்னே வருபவர் கைகளில் வெறும் 136-ஐ விட்டுச் செல்லாமல், அதன் கதையையும் சேர்த்துக் கொடுப்போம். செய்வதைச் செம்மையாகச் செய்வோம். செய்த காரணத்தை எழுதி வைப்போம்!